அலுவலகத்தில் பண்டிகைக் கொண்டாட்டம்: லீவு, வசூல், சாப்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

மூன்று_ஷிப்ட் கேட்டது:

வணக்கம். 65 பேர் வேலை செய்யும் இடம். மூன்று ஷிப்ட்: 22, 22, 21 பேர். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் தனியாக 6 பேர். பல மதத்தவர் இருக்கிறார்கள், எந்த மதத்தையும் பின்பற்றாதவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பண்டிகை ஏற்பாடு முழுவதும் நிர்வாகப் பிரிவின் பொறுப்பு. எழுதிவைத்த விதி என்று இதுவரை எதுவும் கிடையாது. இப்போது உள்ள சிக்கல்கள்:

பண்டிகை லீவு முந்தி எழுதிக் கொடுத்தவருக்கே போகிறது. கொண்டாட்டம் எப்போதும் பகல் ஷிப்டில்தான், இரவு ஷிப்டுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கிறது, கொடுத்தவர் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. அலங்காரத்துக்கும் சாப்பாட்டுக்கும் யார் பொறுப்பு என்றே தெரியவில்லை.

எதிலிருந்து தொடங்க வேண்டும்? பொதுவான அறிவுரையைவிட, நாளை காலை செய்யக்கூடிய படிகளாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ரோஸ்டர்_மேசை:

விருந்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் லீவை முடியுங்கள். பலருக்குப் பண்டிகை என்பது அன்றைக்கு வீட்டில் இருப்பதுதான். லீவு கிடைக்காதவர் கையில் இனிப்புப் பெட்டியைக் கொடுத்தால் மனக்கசப்பு கூடத்தான் செய்யும்.

ஆண்டு தொடங்க 8 வாரம் இருக்கும்போதே எல்லோருக்கும் ஒரு தாள் கொடுங்கள். அதில் ஒரே கேள்வி: “அடுத்த ஆண்டில் உங்களுக்கு முக்கியமான மூன்று நாட்களை வரிசைப்படுத்தி எழுதுங்கள்.” மதம் எது, பண்டிகை எது, காரணம் என்ன என்று கேட்கும் கட்டமே வேண்டாம். ஒருவருக்கு அது நோன்புப் பெருநாளாக இருக்கலாம், இன்னொருவருக்கு அப்பாவின் நினைவுநாளாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. தாளைத் திருப்பித் தர மூன்று வாரம் கொடுங்கள். இரவு ஷிப்டுக்கு அவர்களுடைய சூப்பர்வைசர் கையிலேயே தாள் போக வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் அவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

பிறகு நாட்காட்டி. போன வருட ரோஸ்டரை (யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியலை) அப்படியே நகலெடுப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அதனால் ரமலானும் பெருநாட்களும் ஒவ்வோர் ஆண்டும் 10 முதல் 12 நாள் முன்னால் வரும். 2030ல் ரமலான் மாதம் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் கடைசியில் மறுமுறையும் தொடங்கும். நோன்புப் பெருநாள் பிறை பார்த்து முடிவாவது. எனவே கேட்டவருக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களை ஒதுக்கிவைத்து, முந்தைய இரவு பிறை அறிவிப்பு வந்ததும் ஒன்றை விடுவியுங்கள். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். கிழக்கத்திய (ஆர்த்தடாக்ஸ்) சபைகளுக்கு அது பெரும்பாலும் வேறு ஞாயிறு, அவர்களில் சிலருக்கு கிறிஸ்துமஸ் ஜனவரி 7. தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை நகரும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20க்குள் வரும். யூதப் பண்டிகைகள் முந்தைய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும் என்பதால், அவர்களுக்கு முதல் நாள் மாலை ஷிப்டிலிருந்தும் விடுப்பு தேவைப்படும்.

இப்போது எண்ணிக்கை. வேலை நிற்காமல் ஓட ஒரு ஷிப்டுக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பிரிவுத் தலைவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 22 பேரில் 15 பேர் போதும் என்றால் 7 பேர் போகலாம். திடீர்க் காய்ச்சலுக்கு ஓர் இடத்தை விட்டுவிட்டு 6 பேருக்குக் கொடுங்கள். கேட்டவர்கள் 6க்கு மேல் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: அந்த நாளைத் தன் முதல் விருப்பமாக எழுதியவர், அவர்களுக்குள் போன வருடம் முதல் விருப்ப நாள் கிடைக்காதவர், அப்படியும் சமமாக நின்றால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கல். யாருக்கு எந்த ஆண்டு கிடைத்தது என்ற ஏட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் இந்த முறையே நிற்காது.

இரண்டு வழக்கங்களைக் கட்டாயம் நிறுத்துங்கள். ஒன்று, முந்தி வந்தவருக்கு முதலில் என்பது. பிறை பார்த்து நாள் தெரிய வேண்டியவரும் இரவு ஷிப்டுக்காரரும் அந்த ஓட்டத்தில் எப்போதும் பின்தங்கிவிடுவார்கள். மற்றொன்று, குழந்தை குட்டி உள்ளவருக்கு முன்னுரிமை என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் திருமணமாகாதவர்கள் வருடா வருடம் எல்லாப் பண்டிகையிலும் வேலை பார்ப்பார்கள், அவர்களுக்கும் காத்திருக்கும் பெற்றோர் உண்டு.

ஷிப்ட் மாற்றிக்கொள்வதை அனுமதியுங்கள். ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம், இருவர் கையெழுத்தோடு சூப்பர்வைசர் கையெழுத்தும் வேண்டும். இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் ஓய்வு இருக்கிறதா என்று பாருங்கள் (ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த 11 மணி நேரம் சட்டம்). பண்டிகை நாள் மாற்றங்களில் ஒருவர் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நின்றுவிடுவது எளிதாக நடக்கும். விபத்துக்கு அது நேர் வழி.

---

கணக்கு_ஏடு:

வசூலை நிறுத்துங்கள். குறைப்பதோ, விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று அறிவிப்பதோ போதாது. மேலதிகாரி அல்லது அவர் சார்பில் ஒருவர் உறையோடு வந்து நிற்கும் இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. கடைநிலை ஊழியருக்கு அந்தத் தொகை ஒரு நாள் சாப்பாட்டுச் செலவாக இருக்கும், மேனேஜருக்கு அது கணக்கிலேயே வராது.

செலவு அலுவலகத்துடையது என்று முடிவெடுங்கள். பண்டிகைக்கு இவ்வளவு என்று பிரித்தால் எந்தப் பண்டிகைக்கு அதிகம் என்ற சண்டை வரும். ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை குறியுங்கள். உங்களுக்கு 65 கூட்டல் 6, அதாவது 71 பங்கு. அதில் 10 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு எடுத்துவைத்துவிட்டு மீதியை நிகழ்ச்சிகளுக்குப் பிரியுங்கள். பணம் சிறியதாக இருந்தால் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். வருடத்துக்கு இரண்டு நிகழ்ச்சி ஒழுங்காக நடப்பது, எட்டு நிகழ்ச்சி வசூலில் நடப்பதைவிட நல்லது.

பணம் கையாள்பவர் ஒருவர், பில் சரிபார்ப்பவர் வேறொருவர். முன்பணம் கொடுத்தால் ரசீதில் கொடுத்த தேதி, மீதித்தொகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து 7 நாளுக்குள் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.

பரிசு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு வைப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். சேர விரும்புபவர் பெயர் கொடுக்கட்டும். எல்லோரையும் சேர்த்துவிட்டு, வேண்டாதவர் பெயரை எடுக்கச் சொல்வது தவறு. அடுத்தது, பெயர்ச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்தால், 10 பேரானாலும் 60 பேரானாலும், யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வந்துவிடும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம். அதனால்தான் குலுக்கலைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது. சீட்டுகளைக் கலைத்து ஒரே வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த பெயருக்குக் கொடுப்பார், கடைசி ஆள் முதல் ஆளுக்குக் கொடுப்பார். தன் பெயர் தனக்கே வராது. ஒருவர் நடுவில் விலகினால் அவருக்கு முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்தால் போதும். பரிசுக்கு மேல்வரம்பு வையுங்கள், கீழ்வரம்பு வேண்டாம். மேலதிகாரிக்குத் தனியாகப் பரிசு வாங்கக் குழுவாகப் பணம் சேர்ப்பதை விதியிலேயே தடுத்துவிடுங்கள்.

---

அவசர_வழி:

அலங்காரம் பற்றி. தோரணம் கட்டத் தொடங்கும் முன் கட்டடத்தை ஒருமுறை சுற்றிவந்து, எங்கே எதுவும் கட்டக் கூடாது என்று குறித்துவிடுங்கள். வெளியேறும் கதவுகள், அவற்றின் மேலுள்ள வழிகாட்டிப் பலகை, தீயணைப்பான், அபாய மணிப் பொத்தான், மின்பலகை, படிக்கட்டு, சர்வர் அறை. இந்த இடங்களுக்குக் காகிதமும் வேண்டாம், பூவும் வேண்டாம்.

கூரையில் ஸ்பிரிங்ளர் (தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்முனை) இருந்தால் அதிலிருந்து கீழே 45 செ.மீ. வரை வெற்றிடம் வேண்டும். அதில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. அதிலுள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடித்துத் தண்ணீரைத் திறப்பதற்காக வைக்கப்பட்டது. இழுபட்டு உடைந்தாலும் அதே விளைவுதான், கீழே இருக்கும் கணினிகள் எல்லாம் நனைந்துவிடும். புகை உணரியை பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு மெழுகுவத்தியோ ஊதுபத்தியோ ஏற்றுவது மிக ஆபத்தான பழக்கம், ஏனென்றால் உறையை எடுக்க மறந்துவிடுவார்கள். திறந்த சுடர் வேண்டாம், பேட்டரியில் எரியும் விளக்கு வையுங்கள். ஹீலியம் பலூன் கூரையில் மிதந்துகொண்டே இருக்கும். இரவில் திருட்டு எச்சரிக்கை உணரியின் முன்னால் நகர்ந்தால் மணி அடித்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் எண்ணிப் பார்த்து அகற்றுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரே கணக்கு: வோல்ட் பெருக்கல் ஆம்பியர். 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக் என்றால் 2,300 வாட்தான் உச்சம். மணிக்கணக்கில் ஓடுவதற்கு அதில் 80 சதவீதம், அதாவது 1,840 வாட்டோடு நிறுத்துங்கள். எல்.இ.டி. சீரியல் விளக்கு சில வாட்தான் இழுக்கும், அதனால் பெரிய சிக்கல் வராது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் உணவைச் சூடாக வைக்கும் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டப்படும்போதுதான் எம்.சி.பி. (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழும், அல்லது விழாமல் கம்பி உருகும். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீர்கள். உருளையில் சுற்றிய கம்பியை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றிலேயே இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை இளகிவிடும்.

உயரத்தில் கட்டுவதற்குச் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் ஏறுவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். மடக்கு ஏணி, கீழே பிடித்துக்கொள்ள ஒருவர், அவ்வளவுதான்.

உங்களிடம் இயந்திரப் பிரிவு உண்டா என்று சொல்லவில்லை. இருந்தால் பண்டிகை உடை நாளில் கவனம் வேண்டும். தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல், வளையல், கழுத்துத் துண்டு எதுவும் சுழலும் பாகத்தின் அருகே போகக் கூடாது. பண்டிகை உடையில் வரட்டும், உள்ளே நுழையும் முன் வேலை உடைக்கு மாறட்டும். மாற்றிக்கொள்ள இடமும் 15 நிமிடமும் ஒதுக்குங்கள். அந்த ஷிப்ட் முடியும்வரை மதுவுக்கும் இடமில்லை.

---

பரிமாறும்_மேசை:

சாப்பாட்டில் இரவு ஷிப்டுக்கு மிச்சத்தை வைப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, உடம்புக்கும் ஆபத்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 4 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும். மதியம் 1 மணிக்குத் திறந்த சோற்றை இரவு 10 மணிக்குச் சூடாக்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாமல் இருந்து, ஆறிய சோற்றில் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தி ஒரு மணி நேரத்திலேயே தொடங்கலாம்.

எனவே கேட்டரிங்காரரிடம் மூன்று தனி டெலிவரி கேளுங்கள், ஒவ்வொரு ஷிப்டும் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு. மூன்று நடை வர மாட்டேன் என்றால் மூன்று ஷிப்டுக்கும் கெடாத உலர் பண்டம் கொடுங்கள். ஒரு ஷிப்டுக்கு விருந்து, மற்றதுக்குப் பொட்டலம் என்று மட்டும் வேண்டாம். உணவு வந்ததும் முள் வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். சூடான பண்டம் 60க்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். இதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

ஒவ்வாமை: ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 பொருட்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 9, எள் 2023 ஜனவரியில் அதில் சேர்ந்தது. நிலக்கடலை, முந்திரி முதலான கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகை, எள் ஆகிய ஒன்பதையாவது ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அட்டையில் எழுதுங்கள். சைவம், அசைவம், முட்டை சேர்ந்தது என்று தனி வரி. பாத்திரத்துக்கு ஒரு கரண்டி, மாற்றிப் போடக் கூடாது. சைவ மேசையைத் தனியாகவும் வரிசையின் தொடக்கத்திலும் வையுங்கள். கடைசியில் வைத்தால் அசைவக் கரண்டி அங்கே வந்து சேரும். வீட்டில் சமைத்துக் கொண்டுவருவதைப் பகிர்வதானால் கொண்டுவந்தவரே பொருட்பட்டியலையும் எழுதி வைக்க வேண்டும். பட்டியல் இல்லாத பாத்திரம் மேசைக்கு வரக் கூடாது.

நோன்பு, விரதம் இருப்பவர்களுக்காக மதிய விருந்தைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் அவர் பங்கை வீட்டுக்கு எடுத்துப்போகும் வகையில் கட்டி முன்பே தனியாக வையுங்கள். “ஒரு வாய் மட்டும்” என்று வற்புறுத்துவதை யாரும் செய்யாதபடி ஏற்பாட்டுக் குழுவினர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

மூன்று_ஷிப்ட்:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். எந்தப் பண்டிகையையும் தொடாமல் “ஆண்டு விருந்து” என்று ஒன்றை மட்டும் வைத்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று ஒரு கருத்து இருக்கிறது. சரியா? வர விரும்பாதவர்களை என்ன செய்வது?

---

சம_இருக்கை:

பெயரை மட்டும் மாற்றினால் தீராது. பெரும்பான்மையோரின் பண்டிகை வாரத்தில், அதே அலங்காரத்தோடு, “ஆண்டு விருந்து” என்று வைத்தால் அது எந்தப் பண்டிகை என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையிலேயே பொதுவான நிகழ்ச்சி வேண்டுமென்றால் எந்தப் பண்டிகையோடும் சேராத நாளில் வையுங்கள். நிறுவனம் தொடங்கிய நாளோ, கணக்காண்டு முடிவோ பொருந்தும். அதற்கு மேல் அவரவர் பண்டிகைக்கு அவரவர் மேசையில் சிறிதாக ஏதாவது வைக்க எல்லோருக்கும் ஒரே அளவில் அனுமதி கொடுங்கள். பொது இடத்தில் வழிபாடு மட்டும் வேண்டாம், கூட இருப்பவர் விலகி நிற்க முடியாத நிலை வந்துவிடும். வேலையில் மதம் காரணமாக வேறுபாடு காட்டக் கூடாது என்பது 1958ஆம் ஆண்டின் 111ஆம் எண் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எப்படி இருக்கிறது என்பதை எச்.ஆர். எழுத்தில் தரட்டும்.

வராதவர் விஷயத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வராமல் இருப்பது யார் கண்ணிலும் படக் கூடாது. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ், பிறந்தநாள் இரண்டையுமே கொண்டாட மாட்டார்கள். துக்கத்தில் இருப்பவரும், கூட்டம் ஒத்துக்கொள்ளாதவரும் இருப்பார்கள். காரணம் கேட்டால் அவர் சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டிவரும். வருகைப் பதிவு, மேடைக்குக் கூப்பிடுவது, “வராதவர்கள் யார்” என்ற கணக்கு எதுவும் வேண்டாம்.

இதில் வழக்கமாக ஒரு தவறு நடக்கிறது. நிகழ்ச்சி நேரத்தில் வராதவர் வேலை பார்க்க வேண்டும் என்று விதி போடுகிறார்கள். அப்போது வந்தவருக்கு ஒரு மணி நேரம் சம்பளத்தோடு ஓய்வு, வராதவருக்கு வேலை. அதுவே தண்டனை ஆகிவிடுகிறது. நிகழ்ச்சி 60 நிமிடம் என்றால் எல்லோருக்கும் 60 நிமிடம் வேலையிலிருந்து விடுப்பு. எப்படிக் கழிப்பது என்பது அவரவர் பாடு. அறிவிப்பை இப்படி எழுதலாம்:

“வரும் வியாழன் மாலை 3 முதல் 4 வரை உணவறையில் நிகழ்ச்சி. இரவு ஷிப்டுக்கு இரவு 10.30 முதல் 11.30 வரை. இந்த ஒரு மணி நேரம் அனைவருக்கும் சம்பளத்துடன் ஓய்வு நேரம். கலந்துகொள்வது அவரவர் விருப்பம், வருகை குறிக்கப்படாது. எந்த வசூலும் இல்லை. உணவில் தவிர்க்க வேண்டியது இருந்தால் திங்கள் மாலைக்குள் சொல்லவும். படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு வாசலில் பச்சை ஸ்டிக்கர் இருக்கும்.”

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது: பின்னால் இருக்கும் கணினித் திரை, வெள்ளைப் பலகை, அடையாள அட்டை ஆகியவை படத்தில் விழுந்து வாடிக்கையாளர் விவரம் வெளியே போகும். படம் எடுக்க ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அங்கேயே எடுங்கள்.

ஏற்பாட்டுக் குழுவில் 5 பேர் போதும். ஷிப்டுக்கு ஒருவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் ஒருவர், கணக்குக்கு ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு அல்லது மூன்று பேர் மாற வேண்டும். ஏற்பாட்டுக்குச் செலவிடும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படட்டும். அப்படி இல்லாதபோது இந்த வேலை முழுவதும் பெண்கள் தலையிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையிலும் விழுகிறது, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அந்த 6 பேரைப் பற்றி யாரும் தனியாகப் பேசவில்லை. மற்றவர்களுக்கு ஆகும் அதே மதிப்பில் உலர் பண்டப் பெட்டி, நிகழ்ச்சிக்கு 5 வேலை நாள் முன்பே அனுப்பப்பட வேண்டும். முகவரியை எச்.ஆரிடமிருந்து நேராக அனுப்புபவருக்கே கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாகப் போடாதீர்கள். வீடியோவில் இணைப்பதானால் முதல் 15 நிமிடம் மட்டும் அவர்களுக்காக ஒதுக்கி, ஒரு நல்ல மைக்கை மேசை நடுவில் வையுங்கள். 40 பேர் சாப்பிடும் அறையின் இரைச்சலை ஒரு மணி நேரம் ஹெட்போனில் கேட்கும்படி அவர்களை விட்டுவிடாதீர்கள்.